ஓசி கிராபிக்ஸும் ஊர் ரெண்டுபட்ட கதையும்

எங்க ஹாஸ்டல்ல லேப்டாப்பை வச்சு ஆளை எடைபோடுற பழக்கம் ஒண்ணு உண்டு. புதுசா ஒருத்தன் ரூமுக்கு வந்தா முதல் கேள்வி ஊர், ரெண்டாவது டிபார்ட்மென்ட், மூணாவது, "மச்சான், உன் லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கா?" இருக்குன்னா அவனுக்குத் தனி மரியாதை. இல்லைன்னா, "ஓ, ஓசி கிராபிக்ஸா!" அவ்வளவுதான். அன்னையிலிருந்து கேம் ஆடுறவனுக்குப் பின்னாடி நின்னு வேடிக்கை பார்க்கிற கூட்டத்துல அவனும் ஒருத்தன்.

நான் ஓசி கிராபிக்ஸ் கட்சி. மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. 2023-ல காலேஜ் சேர்ந்தப்போ வாங்கின லேப்டாப். ரைசன் 5 5500யூ ப்ராசஸர், அதுக்குள்ளேயே வேகா கிராபிக்ஸ். விலை நாற்பதாயிரத்துக்குப் பக்கம். அம்மா மகளிர் குழுவுல எடுத்த கடன். தனி கிராபிக்ஸ் கார்டோட வர்ற லேப்டாப் அன்னைக்குக் குறைஞ்சது பதினைஞ்சாயிரம் கூட. பதினைஞ்சாயிரம்னா எங்க வீட்டுல ஆறு மாசக் குழுத் தவணை. அந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லல. சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல.

அந்த லேப்டாப்லதான் எங்க டீமோட கோ-கார்ட் சேஸிஸ் முழுக்க வரைஞ்சோம். சிம்போசியம் போஸ்டர், பிளெண்டர்ல போட்ட அனிமேஷன், ராத்திரி ரெண்டு மணி வேலரன்ட், எல்லாம் அதுலதான். இதே வேலையை இருபது வருஷத்துக்கு முன்னாடி தனி கார்டு இல்லாம ஒருத்தன் செஞ்சிருக்க முடியாது. அப்போ நடுவுல என்ன நடந்துச்சு? யார் நமக்கு இதை ஓசியில கொடுத்தா?

யாரும் கொடுக்கல. கம்பெனிகள் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிட்டப்போ சிதறி விழுந்தது இது. ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்வாங்களே, இந்தக் கதையில கூத்தாடி நாமதான்.

ஹீட்சிங்குக்குக் கீழே

கோபிச்செட்டிபாளையத்துல எங்க மாமா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்காங்க. லீவுக்குப் போனா அங்கதான் கிடப்பேன். கடையோட பின்பக்கம் செத்துப்போன மதர்போர்டுகள் ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். பிளஸ் ஒன் லீவுல ஒருநாள் அதுல ஒண்ணை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"ஏனுங்க மாமா, இதுல கிராபிக்ஸ் கார்டு எங்கீங்க?"

"கார்டெல்லாம் இல்ல கண்ணு. அந்தா நடுவால ஹீட்சிங்க் இருக்குதே, அதுக்குக் கீழ இருக்கற சிப்புக்குள்ளயே எல்லாம். ஆன்போர்டு. அப்ப சிஸ்டம் அசெம்பிள் பண்ண வர்றவங்க மொதல்ல கேக்கறதே, 'ஏஜிபி கார்டு இல்லாமப் போட்டா எவ்வளவுங்க ஆகும்'னுதான்."

அந்தச் சிப்புக்கு நார்த்பிரிட்ஜ்னு பேரு. ப்ராசஸர், ரேம், ஏஜிபி ஸ்லாட் மூணுக்கும் நடுவுல நிக்கிற டிராஃபிக் போலீஸ். அதுக்குள்ளேயே ஒரு குட்டி கிராபிக்ஸ் இன்ஜினையும் சேர்த்துட்டா தனி கார்டு வேண்டாம், கார்டுக்குன்னு தனி மெமரியும் வேண்டாம். சிஸ்டம் ரேம்ல இருந்தே கொஞ்சம் கடன் வாங்கிக்கலாம். சிப்செட் கம்பெனிகளோட சண்டை இந்த இடத்துலதான் ஆரம்பிக்குது.

இன்டெல் 1998-ல ஐ740ன்னு ஒரு கிராபிக்ஸ் சிப்பை விட்டுச்சு. 3டிஎஃப்எக்ஸ், என்விடியா எல்லாம் நின்ன களத்துல அது எடுபடல. அதோட வழிவந்த கிராபிக்ஸை 1999-ல 810 சிப்செட்டுக்குள்ள வச்சாங்க. கடையில தனியா விக்காத சரக்கு மதர்போர்டோட ஒட்டிக்கிட்டு வீடு வீடாப் போச்சு. தைவான்ல இருந்து சிஸ், வியா கம்பெனிகளும் மலிவான சிப்செட்டுகளோட களத்துல நின்னாங்க. வியா, எஸ்3 கம்பெனியோட கிராபிக்ஸ் பிரிவையே வாங்கித் தன் சிப்செட்டுக்குள்ள வச்சுக்கிச்சு.

இந்தக் கட்டத்துல போட்டி விலையில மட்டும்தான். டெஸ்க்டாப் தெரியணும், டேலி ஓடணும், சிடி போட்டா படம் ஓடணும். அதுக்கு மேல யாரும் கேக்கல. கேட்டது பிரவுசிங் சென்டர் பசங்கதான். பிக்சல் ஷேடர் இல்லாத ஆன்போர்டு சிப்புல புது கேமைப் போட்டா, எரர் மெசேஜ் வந்து கேம் மூடிக்கும். 3டி அனலைஸ்னு ஒரு சின்ன சாஃப்ட்வேரை வச்சு, 'என்கிட்ட அந்த வசதி இருக்கு'ன்னு கேமை ஏமாத்தி ஓட்டுவாங்களாம். ஒரு நிமிஷத்துக்கு ரெண்டு காட்சி நகரும். அதையும் ஆடியிருக்காங்க.

மெஸ்ல ஒரே கவுண்டர்

2001-ல என்விடியா சிப்செட் தொழிலுக்குள்ள வந்துச்சு. பேரு என்ஃபோர்ஸ். ஏஎம்டி ப்ராசஸருக்கான சிப்செட். உள்ள ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் ரக கிராபிக்ஸ். கடையில காசு கொடுத்து கார்டா வாங்கிக்கிட்டு இருந்த சரக்கை மதர்போர்டுக்குள்ளேயே வச்சுட்டாங்க. அதைவிட முக்கியமா ரேமுக்கு ரெண்டு பாதை போட்டாங்க.

இந்த ரெண்டு பாதை விஷயம் புரிஞ்சா இன்டகிரேட்டட் கிராபிக்ஸ் பத்திப் பாதி புரிஞ்ச மாதிரி. எங்க ஹாஸ்டல் மெஸ்ல ஒரே ஒரு கவுண்டர்தான் திறப்பாங்கன்னு வச்சுக்கோங்க. ப்ராசஸர் ஒரு தட்டோட நிக்கும். கிராபிக்ஸ் அண்டா எடுத்துட்டு வந்து நிக்கும். ஏன்னா திரையில ஒவ்வொரு ஃபிரேமுக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு டேட்டா வேணும். சமையல்காரர் எவ்வளவு வேகமா இருந்தாலும் கவுண்டர் ஒண்ணுன்னா கூட்டம் நகராது. தனி கிராபிக்ஸ் கார்டுங்கிறது தனக்குன்னு தனி மெஸ் வச்சிருக்கிற பணக்காரப் பையன். நம்ம ஓசி கிராபிக்ஸ் பொது மெஸ்லதான் சாப்பிட்டாகணும்.

கணக்காச் சொன்னா, டிடிஆர்4-3200 ரேம் ஒரே ஸ்டிக்கா இருந்தா நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி டேட்டா வரும். ரெண்டு ஸ்டிக் போட்டு ரெண்டு சேனல் ஆக்கினா 51.2 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1050 மாதிரி ஒரு சாதாரண கார்டுக்கே தனியா 112 ஜிபி இருக்கு. என் லேப்டாப்ல வரும்போது 8 ஜிபி ஸ்டிக் ஒண்ணும், காலியா ஒரு ஸ்லாட்டும் இருந்துச்சு. ரெண்டாவது செமஸ்டர்ல ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். அதுவரைக்கும் திக்கித் திணறின கேம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேகத்துல ஓடுச்சு. ப்ராசஸரும் அதேதான், கிராபிக்ஸும் அதேதான். ரெண்டாவது கவுண்டர் திறந்துச்சு, அவ்வளவுதான். இந்த வித்தையைத்தான் என்விடியா 2001-லயே மதர்போர்டுல காட்டுச்சு.

மூணு பேர் அடிச்சுக்கிட்ட காலம்

அடுத்த சில வருஷத்துல ஏடிஐயும் வந்துச்சு. ரேடியான் கிராபிக்ஸை உள்ள வச்ச சிப்செட். எண்ணிக்கையில இன்டெல்தான் முன்னாடி. ஏன்னா ப்ராசஸர் அவங்களோடது, கூடவே சிப்செட்டும் போகும். அந்த இடத்துல உக்காந்துட்டா என்ன ஆகும்னு 2007-ல வெளிய தெரிஞ்சுச்சு. விண்டோஸ் விஸ்டாவோட ஏரோ அலங்காரத்துக்கு நல்ல கிராபிக்ஸும் புது மாதிரி டிரைவரும் வேணும். இன்டெல்லோட 915 சிப்செட்டுக்கு அந்த டிரைவர் கிடையாது. இருந்தாலும் அந்தச் சிப் இருந்த கம்ப்யூட்டர்கள்லயும் 'விஸ்டா கேப்பபிள்' ஸ்டிக்கர் ஒட்டலாம்னு மைக்ரோசாஃப்ட் விதியைத் தளர்த்துச்சு. அமெரிக்காவுல வழக்குப் போட்டாங்க. கோர்ட்டுல வெளியான மைக்ரோசாஃப்ட் உள் மின்னஞ்சல்கள்ல, இன்டெல்லோட சிப் விற்பனைக்கு உதவத்தான் இப்படிச் செஞ்சதா அவங்க ஆளே எழுதியிருந்தார். வாங்கினவங்க எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து நடத்தற குழு வழக்குங்கிற அந்தஸ்தை அது பிறகு இழந்துச்சு. ஆனா பாடம் தெளிவு. போட்டி பலமா இல்லாத இடத்துல பாஸ் மார்க்கைக் குறைச்சுப் பாஸ் பண்ணிடலாம்.

அதே சமயத்துல எதிர்ப்பக்கம் வேற ஒண்ணு நடந்துச்சு. 2006-ல ஏஎம்டி 540 கோடி டாலருக்கு ஏடிஐயை வாங்குறதா அறிவிச்சுது. 2008 மார்ச்சுல அவங்க 780ஜி சிப்செட் வந்துச்சு. எச்டி வீடியோவை ப்ராசஸருக்குச் சுமை கொடுக்காமத் தானே பிரிச்சு ஓட்டும். டைரக்ட்எக்ஸ் 10 உண்டு. லோ செட்டிங்ல கேம் ஆடலாம். மலிவு மதர்போர்டுல இவ்வளவா! அதே வருஷம் இன்டெல் ஜி45ஐ விட்டுச்சு. அக்டோபர்ல என்விடியாவோட 9400எம் வந்துச்சு. ஆப்பிள் தன் புது மேக்புக்ல இன்டெல் கிராபிக்ஸைத் தூக்கிட்டு அதை வச்சுது. ஒரே வருஷத்துல மூணு கம்பெனி, மூணு சிப்.

மாமா அந்த 780ஜி போர்டு ஒண்ணை இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்காங்க. "இது வந்தப்பறம் கார்டு வேணும்னு கேட்டு வர்றவங்க பாதியாக் கொறைஞ்சுட்டாங்க கண்ணு"ன்னு சொல்வாங்க. கடைக்காரருக்கு அது வருமான நஷ்டம். சொல்லும்போது குரல்ல என்னவோ பெருமைதான் இருக்கும்.

நார்த்பிரிட்ஜ் செத்த கதை

சண்டை எப்படி முடிஞ்சதுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒருத்தரும் கிராபிக்ஸ்ல தோத்து வெளியேறல. சண்டை நடந்த மேடையையே எடுத்துட்டாங்க.

ரேமைக் கட்டுப்படுத்துற வேலையை ஏஎம்டி 2003-லயே ப்ராசஸருக்குள்ள கொண்டுபோயிருந்துச்சு. 2008 கடைசியில நெஹாலம் தலைமுறையில இன்டெல்லும் அதைச் செஞ்சுது. உடனே ஒரு கேள்வி: இந்தப் புது ப்ராசஸருக்கு என்விடியா சிப்செட் செய்யலாமா? பழைய லைசென்ஸ் இதுக்குச் செல்லாதுன்னு 2009 பிப்ரவரியில இன்டெல் கோர்ட்டுக்குப் போச்சு. என்விடியா எதிர்வழக்குப் போட்டுச்சு. 2011 ஜனவரியில சமரசம்: இன்டெல் தவணை முறையில 150 கோடி டாலர் என்விடியாவுக்குக் கொடுக்கணும். பணம் வந்துச்சு. என்விடியாவோட சிப்செட் தொழில் திரும்ப வரல.

அதே 2011-ல இன்டெல் சாண்டி பிரிட்ஜும் ஏஎம்டியோட லானோவும் வந்துச்சு. ரெண்டுலயும் கிராபிக்ஸ், ப்ராசஸர் இருக்கிற அதே சிலிக்கான் துண்டுல குடியேறிடுச்சு. நார்த்பிரிட்ஜ்ங்கிற தனிச் சிப்புக்கு வேலையே இல்ல. சிஸ், வியா ரெண்டும் இந்தப் போட்டியில இருந்து அதுக்கு முன்னாடியே ஒதுங்கியிருந்தாங்க. இனிமே இன்டகிரேட்டட் கிராபிக்ஸ் தரணும்னா நீங்க ப்ராசஸரும் செய்யணும். அஞ்சு பேர் ஆடின ஆட்டம் ரெண்டு பேர் ஆட்டமாச்சு.

அதே வருஷம் செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்குச்சு. எத்தனையோ வீடுகள்ல முதல் கம்ப்யூட்டர் அதுதான். எங்க பெரியப்பா பொண்ணு அக்கா அந்த லேப்டாப்லதான் டைப்பிங், போட்டோஷாப் எல்லாம் கத்துக்கிட்டு இன்னைக்குத் திருப்பூர்ல ஒரு பிரின்டிங் யூனிட்ல டிசைனரா இருக்காங்க. அந்த லேப்டாப்ல தனி கார்டு கிடையாது. ப்ராசஸரோட வந்த கிராபிக்ஸ் எவ்வளவோ, அவங்களுக்குக் கிடைச்ச வாய்ப்பும் அவ்வளவு. அதனாலதான் இந்தச் சண்டையை வெறும் கேமர்ஸ் சமாச்சாரம்னு என்னால ஒதுக்க முடியல.

தூங்கினவங்க ரெண்டு பேர்

ரெண்டு பேர் மட்டும் ஆடினா என்ன ஆகும்? ஒருத்தர் சோர்ந்தா இன்னொருத்தர் தூங்குவார்.

2011-க்குப் பிறகு ஏஎம்டியோட ப்ராசஸர் பின்தங்கிடுச்சு. அவங்க கிராபிக்ஸ் நல்லா இருந்தும் ப்ராசஸருக்காக மக்கள் இன்டெல் பக்கம் போனாங்க. இப்போ இன்டெல் என்ன செஞ்சதுன்னு பாருங்க. 2015-ல வந்த ஸ்கைலேக் லேப்டாப் சிப்கள்ல வழக்கமா இருந்தது 24 எக்ஸிக்யூஷன் யூனிட். 2017-ல பேரை யுஎச்டி 620ன்னு மாத்தினாங்க, அதே 24. 2019-ல வந்த காமெட் லேக்லயும் அதே 24. நாலு வருஷம், ஸ்டிக்கர் மட்டும் புதுசு.

2018 பிப்ரவரியில ஏஎம்டி ரைசன் 3 2200ஜியை 99 டாலருக்கும் 5 2400ஜியை 169 டாலருக்கும் விட்டுச்சு. உள்ள வேகா கிராபிக்ஸ். மலிவு கார்டுகளுக்கு இனி என்ன வேலைன்னு எல்லாரும் கேட்க ஆரம்பிச்சாங்க. இன்டெல் முழிச்சுக்கிச்சு. 2019-ல ஐஸ் லேக்ல 64 யூனிட், 2020-ல டைகர் லேக்ல 96. நாலு வருஷம் நகராதது ரெண்டு சிப்ல நாலு மடங்கு!

ஏஎம்டி ரசிகர்கள் கைதட்ட வேண்டாம். இப்போ தூங்கினது அவங்க. என் லேப்டாப் உட்பட 2021-ல வந்த 5000 வரிசை வரைக்கும் அதே வேகாவையே ஓட்டினாங்க. வேகமா ஓட விட்டாங்களே தவிர, யூனிட் எண்ணிக்கை முதல்ல இருந்ததைவிடக் குறைஞ்சுது. டைகர் லேக்கும் ஆப்பிள் எம்1-ம் வந்து நெருக்கின பிறகுதான் 2022-ல 6000 வரிசையில ஆர்டிஎன்ஏ2 கிராபிக்ஸ் வந்துச்சு. அதே வருஷம் வந்த ஸ்டீம் டெக், தனி கார்டே இல்லாம ஏஎம்டி சிப் ஒண்ணுலயே பெரிய கேம்களை ஓட்டிக் காட்டுச்சு.

திறமை ரெண்டு பேர்கிட்டயும் எப்பவும் இருந்துச்சு. 2013-ல வந்த பிஎஸ்4-க்குள்ள ப்ராசஸரும் கிராபிக்ஸும் ஒரே ஏஎம்டி சிப்தான். நொடிக்கு 176 ஜிபி போற மெமரியை வச்சு அசத்தினாங்க. நம்ம லேப்டாப்புக்கு மட்டும் அது வராம இருந்ததுக்குக் காரணம், தராமலே விக்க முடிஞ்சது.

ஒரு விஷயம் பாக்கி. ஓசின்னு சொல்றோமே, நிஜமா அதோட விலை என்ன? 2020-ல இன்டெல் ஐ5-10400-ஐ 182 டாலர்னு பட்டியல் போட்டுச்சு. கிராபிக்ஸை அணைச்சு வச்ச 10400எஃப் 157 டாலர். வித்தியாசம் 25 டாலர். ஓசி இல்ல மக்களே, நாம காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கோம். ஹாஸ்டல்ல யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க.

இப்போ என்ன?

2025 செப்டம்பர்ல ஒரு செய்தி வந்தப்போ எங்க வாட்ஸாப் குரூப்பே அதிர்ந்துச்சு. என்விடியா, இன்டெல்ல 500 கோடி டாலர் முதலீடு பண்ணுது. என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸைச் சேர்த்து இன்டெல் ப்ராசஸர் செய்யும். 2009-ல கோர்ட்டுல நின்ன அதே ரெண்டு பேர்! மூணாவது ஆள் திரும்ப மேடைக்கு வர்றார்னு சந்தோஷப்படலாம். ரெண்டு பெரிய தலைகள் ஒரே பக்கம் உக்காருதேன்னு யோசிக்கவும் செய்யலாம். எனக்கு ரெண்டும் இருக்கு. ஏஎம்டியைத் தவிர, ஸ்நாப்டிராகன் லேப்டாப்போட குவால்காமும் களத்துல இருக்குங்கிறது கொஞ்சம் ஆறுதல்.

இன்னொரு பக்கம் ரேம் விலை. ஏஐ சர்வர்களுக்கு மெமரி போறதால 2025 கடைசியில ரேம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. நான் ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கின ஸ்டிக்கை இன்னைக்கு அந்த விலைக்கு வாங்க முடியாது. பொது மெஸ்ல அரிசி விலை ஏறினா முதல்ல அடி வாங்குறது தனி மெஸ் இல்லாதவன்தான்.

அதனால ஜூனியர்ஸுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, லேப்டாப் வாங்கும்போது ப்ராசஸர் பேரை மட்டும் பார்க்காதீங்க. உள்ள இருக்கிற கிராபிக்ஸ் எந்தத் தலைமுறை, ரேம் ஒரு சேனலா ரெண்டு சேனலா, காலி ஸ்லாட் இருக்கா, மூணையும் கேளுங்க. பழைய கிராபிக்ஸைப் புது நம்பர்ல விக்கிற வேலை ரெண்டு கம்பெனியிலயும் நடந்திருக்கு. கடைக்காரருக்குத் தெரியலைன்னா மாடல் நம்பரைக் குறிச்சுக்கிட்டு வந்து நெட்ல தேடிட்டு மறுநாள் போங்க. வீட்டுக்காரங்க காசு, ஒருநாள் தாமதமாகலாம்.

ரெண்டாவது, தயவுசெய்து ரசிகர் மன்றம் வைக்காதீங்க. ஹாஸ்டல்ல இன்டெல் கட்சி, ஏஎம்டி கட்சின்னு நடக்கிற சண்டையில நமக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. நம்ம ஆள் ஜெயிச்சு மத்தவன் ஒழிஞ்சா அடுத்த நாலு வருஷம் அதே 24 யூனிட்தான், ஸ்டிக்கர் மட்டும் மாறும். பின்தங்கினவன் ஒரு நல்ல சிப் விட்டா, இந்தத் தடவை அவனுக்கு நம்ம காசு போகட்டும். அடுத்த தடவை வேற யாருக்கோ. கார்டு வாங்கக் காசு இல்லாதவன் கையில இருக்கிற ஒரே ஓட்டு அதுதான்.